பந்தயக் கார் கண்ட கரிவரதன்

ஆண்டு மலர் என்றால் விஞ்ஞானி கட்டுரை ஒன்றும் தலைவர் கட்டுரை ஒன்றும் கட்டாயம் இருக்கும். அதை எழுத நம்ம பாலிடெக்னிக்கில் நல்ல நல்ல பேனாக்கள் உண்டு. நான் எழுத வந்திருப்பது ஒரு கார்ப் பிரியரைப் பற்றி. பெயர் எஸ். கரிவரதன். ஊர் கோயம்புத்தூர். பந்தய உலகத்தில் சுருக்கமாகக் கரி. இந்திய மோட்டார் பந்தயத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். தந்தை என்றவுடன் நரைத்த தலையோடு ஒரு முதியவரைக் கற்பனை செய்து கொள்ள வேண்டாம். 1954-ல் பிறந்து 1995-ல் மறைந்தவர். மொத்தமே 41 வயது.

நான் குடியிருப்பது கோடம்பாக்கம். எங்க பக்கம் கார் என்றால் சினிமாக் கார்தான். ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போகிற பழைய வண்டி, யூனிட் வேன், ஜெனரேட்டர் வண்டி என்று ஆற்காடு ரோட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் வந்து நிற்கும். அவற்றை நம்பிப் பிழைக்கிற ஷெட்டுகளும் அந்தத் தெருக்களிலேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு ஷெட்டில்தான் எங்கப்பா டிங்கர் வேலை பார்க்கிறார். கரி என்ற பெயரை நான் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை. அந்த ஷெட்டில் காதால் கேட்டதுதான். சோழவரம் ரேஸைக் கண்ணால் பார்த்த வயசான மெக்கானிக்குகள் டீ குடிக்கிற நேரத்தில் அவரைப் பற்றிப் பேசுவார்கள், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி.

கரி ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. 1910-ல் தொடங்கிய லட்சுமி மில் குடும்பத்தில் பிறந்தவர். இதை மறைத்துவிட்டு, கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். ஒன்று மட்டும் சொல்லலாம். கோயம்புத்தூரில் மில்லு என்றால் நூல் நூற்பது மட்டுமில்லை. மில்லுக்கு வேண்டிய மெஷினை ஊரிலேயே செய்தார்கள். கூடவே லேத்து, ஃபவுண்டரி, மோட்டார், பம்புசெட்டு என்று தெருவுக்குத் தெரு பட்டறை வளர்ந்தது. ஜி.டி. நாயுடு பிறந்து வளர்ந்த மண்ணாயிற்றே! அந்த ஊரில் வசதியான வீட்டுப் பையனுக்கும் இரும்பு வாசனை தெரியாமல் போகாது.

இனி சோழவரத்துக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகிற ரோட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுபாதை அது. போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. அந்த ஓடுபாதை ரேஸ் மைதானம் ஆகிவிட்டது. நாடெங்கிலும் இருந்து வண்டிகள் வரும். பட்டணத்து ஜனம் சோறு கட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்று பார்த்த காலம் அது. 1970-களிலும் 80-களிலும் அங்கே ஜெயித்துப் பெயர் வாங்கியவர்களில் முக்கியமானவர் கரி.

அப்போது என்ன கார் ஓட்டினார்கள் என்பதுதான் விஷயம். நம் நாட்டில் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பெரும்பாலும் மூன்றே வகை. (ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல செஞ்சதுங்க!) ஸ்போர்ட்ஸ் கார் என்று கடையில் எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்குவதற்குக் கட்டுப்பாடு ஏராளம், வரியும் ஏராளம். ராஜாக்களும் பெரிய தொழிலதிபர்களும் ஒன்றிரண்டு கொண்டுவந்தார்கள். மற்றவர்களுக்கு இருந்த வழி ஒன்றுதான். வீட்டில் இருக்கிற ஃபியட்டையே கொஞ்சங் கொஞ்சமாக ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவது.

எப்படி ஆக்குவார்கள்? முதல் மாதம் செலவே கிடையாது. பின் சீட்டு, பம்பர், மேட், கதவு உள்பலகை எல்லாவற்றையும் கழற்றி எறிவார்கள். வண்டி எடை குறையும். அடுத்து ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, சாக் அப்சார்பரை இறுக்கமாகப் போடுவார்கள். திருப்பத்தில் உடம்பு சாயாது. பணம் கொஞ்சம் சேர்ந்ததும் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி லேத்துக் கடையில் கொடுத்து அடியைச் சீவுவார்கள். எரிகிற அறை சின்னதாகும், கம்ப்ரஷன் ஏறும். அப்புறம் காற்று போகிற வழியை உள்ளே தேய்த்து மழமழவென்று ஆக்குவது, பெரிய கார்புரேட்டர், புகை தடையில்லாமல் போக வேறு சைலன்சர், வேறு கேம் ஷாஃப்ட். இப்படி ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒவ்வொரு வேலை. ஆபீஸ் போகிற வண்டியே ஞாயிற்றுக்கிழமை ரேஸ் வண்டி. ஆனால் 1,089 சிசி ஃபியட் குடும்பம் உட்கார்ந்து போவதற்காகப் பிறந்த வண்டி. எஞ்சினைப் பலமாக்கினால் கியர் பாக்ஸ் உடையும். கியர் பாக்ஸைச் சரி செய்தால் ஆக்சில் உடையும். எங்கேயோ ஓரிடத்தில் இனிமேல் முடியாது என்று நின்றுவிடும். 1982 வாக்கில் பெங்களூரில் இருந்து சிபானி டால்ஃபின் வந்தது. ஃபைபர் உடம்பு, எடை குறைவு. ரேஸ்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஆனாலும் அதுவும் ரோட்டு வண்டியைத் திருத்துகிற கதைதான்.

இன்னொரு பக்கம் வெளிநாட்டு வண்டி வைத்திருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஒரு சின்ன சாமான் போனால் சீமையிலிருந்து வர வேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில் தூங்கும். ஆக, கையில் பணம் இல்லாதவன் ஒரு அளவுக்கு மேல் போக முடியாது. பணம் இருப்பவனோடு அவன் போட்டியிட்டால் தோற்றது ஆளா வண்டியா என்று யாருக்கும் தெரியாது. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒருவனுக்கு ஸ்பைக் ஷூ, இன்னொருவனுக்கு வெறுங்கால் என்றால் அது என்ன பந்தயம்?

கரி இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். திருத்திய வண்டியும் ஓட்டினார், வெளிநாட்டுப் பந்தய வண்டியும் ஓட்டினார். இன்னும் ஒரு உயர்ந்த வண்டியை இறக்கி இன்னும் பத்துக் கோப்பை வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 37 ஹெச்.பி. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கம் குறுக்கே உட்கார்ந்திருக்கும், முன் சக்கரத்தையே இழுக்கும். கொஞ்ச வருஷத்திலேயே ஊருக்கு ஊர் சாமான் கிடைத்தது, ஊருக்கு ஊர் மெக்கானிக் பழகிவிட்டான். கரி இதைப் பிடித்துக்கொண்டார். ரோட்டு வண்டியைத் திருத்துவதை விட்டுவிட்டார். ரேஸுக்கென்றே குழாய்ச் சட்டம் கட்டி, அதில் மாருதி எஞ்சினைக் கியர் பாக்ஸோடு அப்படியே தூக்கி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். முன்னால் இழுத்த அதே சாமான் இப்போது பின்னால் இருந்து தள்ளுகிறது. ஒரே ஆள் உட்காரும் வண்டி. 1988-ல் சோழவரத்தில் அது ஓடியது. பெயர் ஃபார்முலா மாருதி.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மாருதி கார் ஏறத்தாழ 650 கிலோ என்று வையுங்கள். 37 ஹெச்.பி.யால் வகுத்தால் ஒவ்வொரு குதிரையும் பதினேழரை கிலோ சுமக்கிறது. அதே எஞ்சினை 400 கிலோ வண்டியில் வைத்தால் பதினொரு கிலோகூட இல்லை. எஞ்சினில் கை வைக்காமலே வண்டி பறக்கும். எடை நடுவில் இருப்பதால் திருப்பத்திலும் நன்றாகப் பிடிக்கும். நம்ம தெர்மல் சார், மெக்கானிக்ஸ் சார் இரண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கொள்வார்கள்!

இந்த இடத்தில் எங்கப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா எட்டாவதோடு நின்றவர். நசுங்கின கதவை சுத்தியும் டாலியும் வைத்துத் தட்டி எடுத்தால் எங்கே நசுங்கியது என்று தெரியாது. பழைய ஹெரால்டு பானெட்டைத் தகரத்தில் கையாலேயே செய்தவர். எங்க வீட்டில் பத்தாவது தாண்டி முதலில் படிப்பவன் நான். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு, சந்தேகமும் உண்டு. மூணு வருஷம் கோடு போடக் கத்துக்கிறதுக்கா இவ்ளோ ஃபீஸ், அந்த நேரத்துல என்கூட நின்னிருந்தா கை பழகியிருக்குமே என்பார். நானும் பதில் சொல்லத் தெரியாமல்தான் இருந்தேன். போன வருஷம் எங்க செட்டு ப்ராஜெக்ட்டுக்காகப் புதுப்பேட்டையில் ஒரு பழைய 800 எஞ்சின் வாங்கி, அதற்கு ஒரு சட்டம் கட்ட ஆரம்பித்தோம். வெல்டிங் அப்பாதான். இடது பக்கம் அருமையாக வந்தது. வலது பக்கமும் அருமையாக வந்தது. ஆனால் இரண்டுக்கும் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அப்பாவின் கண்ணுக்கு அது பெரிசில்லை, கதவென்றால் தட்டிச் சரி பண்ணிடலாம். சஸ்பென்ஷன் மாட்டுகிற இடத்தில் எட்டு மில்லி என்றால் வண்டி நேராகப் போகாது. நான் டிராயிங்கை விரித்து அளவு சொன்னேன், தரையில் ஆங்கிள் வைத்து ஜிக் கட்டினோம், அப்பா மறுபடியும் வெல்டிங் வைத்தார். இந்த முறை சரியாக உட்கார்ந்தது. அன்று முதல் டிராயிங் ஷீட்டின் மேல் டீ கிளாஸை வைப்பதில்லை, அவ்வளவுதான் மாற்றம். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் கரியின் பெருமை எனக்குப் புரிந்தது. ஒரு வண்டியைத் திருத்துவது கைவித்தை. சோழவரத்தில் அந்த வித்தை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எங்கப்பா மாதிரி ஆட்கள் இல்லாமல் எந்த ரேஸ் வண்டியும் ஓடியிருக்காது. ஆனால் அந்த வித்தை அந்த வண்டியோடு முடிந்துவிடும். முதல் வண்டியைப் போலவே பத்தாவது வண்டியும் வர வேண்டும், ஓட்டுகிற எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டம் கிடைக்க வேண்டும் என்றால் அதற்குப் படம் வேண்டும், அளவு வேண்டும், ஜிக் வேண்டும். கரி தந்தது அப்படி வரிசையாக நின்ற வண்டிகளை. அதிலே ஏறியவன் ஜெயித்தால் ஆள் ஜெயித்தான் என்று அர்த்தம்.

பலன் என்ன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் கரிக்கு உறவுக்காரர். அவர் முதன்முதலில் ரேஸ் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 1990-ல் திறந்த ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடந்த அந்த முதல் ரேஸிலேயே மேடை ஏறிவிட்டார். 2005-ல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியர் அவர். சென்னை கருண் சந்தோக் 2000-ல் இதே ஃபார்முலா மாருதியில் பத்து ரேஸில் ஏழு ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனார், 2010-ல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேருமே அந்த 796 சிசி எஞ்சினைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். எங்க கோடம்பாக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. நடிகர் அஜித்குமார் 2002-ல் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஓட்டி நாலாவதாக வந்தாரே, அதுவும் ஃபார்முலா மாருதிதான்!

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஃபார்முலா மாருதி குறைந்த விலை என்றால், வெளிநாட்டு வண்டியோடு பார்க்கையில் குறைந்த விலை. எங்க தெரு டிங்கர் மகன் வாங்குகிற விலை என்று அர்த்தமில்லை. டயர், பெட்ரோல், என்ட்ரி ஃபீஸ், வண்டியைக் கொண்டு போகிற லாரி வாடகை எல்லாம் யார் கொடுப்பது? மேலே சொன்ன பெயர்களைப் பாருங்கள், யாரும் கஷ்டப்படுகிற வீடு இல்லை. கரி திறமையுள்ள இளைஞர்களுக்குத் தன் வண்டிகளைக் கொடுத்து ஓட விட்டிருக்கிறார். ஆனால் ஒருவர் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும்? 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ் நடந்தபோது நானும் என் சிநேகிதனும் வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். அந்தச் சத்தமே சுகமாகத்தான் இருந்தது, அது வேறு.

கரிக்குக் காரோடு ஆசை அடங்கவில்லை. வானத்தில் பறக்கும் சின்ன விமானங்களிலும் மனம் போயிற்று. 1995 ஆகஸ்டில் கோயம்புத்தூர் அருகே அப்படி ஒரு விமானம் விழுந்து உயிர் போய்விட்டது. நரேன் ஃபார்முலா ஒன் ஓட்டியதை அவர் பார்க்கவில்லை. எங்க ஷெட்டுப் பெரியவர்கள் இந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்பானரைத் தேடப் போய்விடுவார்கள்.

மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள். அங்கே ஃபார்முலா பாரத் என்று கல்லூரி மாணவர்களுக்கான போட்டி நடந்திருக்கிறது. மாணவர்கள் தாங்களே செய்த ஒற்றை ஆள் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டத்துக்கு முன்னால் டிராயிங்கைக் கொண்டுபோய் நீதிபதிகள் முன்னால் விரித்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதோடு, ஒவ்வொரு நட்டு போல்ட்டும் என்ன விலை, மொத்த வண்டியும் என்ன செலவு என்று கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கும் அங்கே மார்க் உண்டு.

— மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு