நீதி வியாபாரமும் பீல்டிங்கும்

ஹென்றி பீல்டிங் என்றதும் 'டாம் ஜோன்ஸ்' என்னும் நவீனத்தின் கர்த்தா என்றே பலரும் கூறுவர். நாம் இன்று ஸ்மரிப்பது மாஜிஸ்திரேட் பீல்டிங்கை.

1707ல் பிறந்த இவர், தமது நாடகங்களில் வால்போல் மந்திரியைப் பரிகசித்தார். 1737ல் பிறந்த நாடகத் தணிக்கைச் சட்டம் அவருடைய ஜீவனத்தில் மண்ணைப் போட்டது. அதன்மேல் சட்டம் பயின்று 1740ல் வக்கீலானார். அடக்குமுறையாலும் சில நன்மைகள் விளைவதுண்டு போலும்!

1748ல் அவர் மாஜிஸ்திரேட்டாகி லண்டன் போ வீதியில் கச்சேரி நடத்தலானார். அந்நாளில் இப்பதவிக்குச் சம்பளம் கிடையாது. வாரண்டுக்குக் கட்டணம், ஜாமீனுக்குக் கட்டணம், சிறைக்கு அனுப்பினாலும் கட்டணம். தெருவில் இரு கூலிக்காரர் வைதுகொண்டால் போதும். நீதிபதியின் அடுப்பு எரியும். சமாதானம் செய்துவைத்தாலோ அவருக்கு ஒரு காசுமில்லை. இத்தகையோரை வியாபார நீதிபதிகள் என்றே ஜனங்கள் ஏசினர்.

பீல்டிங் ஏழைகளின் சச்சரவுகளை மூட்டிவிடாமல் தீர்த்துவைத்தார். கடைசி ஷில்லிங்கோடு நின்றவனிடம் அதைப் பறிக்க மறுத்தார். ஆகவே 500 பவுன் வந்துகொண்டிருந்த ஸ்தானத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 பவுனே கிடைத்ததென்றும், அதிலும் பெரும்பங்கு குமாஸ்தாவுக்குப் போயிற்றென்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். சர்க்கார் பணத்திலிருந்து வருஷந்தோறும் ஒரு தொகை பெற்றுவந்ததையும் அவர் ஒளிக்கவில்லை, நாமும் ஒளிப்பதற்கில்லை. ஆயின் அது மந்திரிகளின் தயவேயன்றிப் பதவிக்குரிய ஊதியமன்று.

தேகம் நலிந்து 1754 அக்டோபரில், 47ம் வயதில், லிஸ்பனில் மாண்டார். கண்பார்வையற்ற தம்பி ஜான் அவர் ஸ்தானத்தில் அமர்ந்தார்.

1792ல்தான் பார்லிமெண்டு, போ வீதி நீங்கலாக ஏழு கச்சேரிகள் ஏற்படுத்தி, மாஜிஸ்திரேட் ஒருவருக்கு ஆண்டுக்கு 400 பவுன் சம்பளம் விதித்தது. கட்டணப் பணம் அவர்கள் கைக்குப் போகாமல் பொது நிதியில் சேர்ந்தது. அப்போது பீல்டிங் மறைந்து 38 வருஷங்களாகியிருந்தன.