மலரைப் பறியாத கை: தாயுமான அடிகள் வரலாறு

காவிரியின் தென்கரையில் தனித்து நிற்கும் திருச்சிராப்பள்ளி மலைக்குப் பல சமயங்களின் நினைவு உண்டு. குன்றின் மேற்பகுதியில் சமண முனிவர் தங்கித் தவம் புரிந்த குகையும், அதனுள் வெட்டப்பெற்ற கற்படுக்கைகளும் இன்றும் உள்ளன. அங்கே பொறிக்கப்பட்டுள்ள பெயர்களுள் ஒன்றைக் கொண்டு, சிரா என்னும் முனிவர் வாழ்ந்த பள்ளியே பின்னர் ஊர்ப்பெயராயிற்று என்பார் உளர். 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் அதே மலையில் குடைவரை எடுப்பித்து, தான் முன்பு பற்றியிருந்த வேறு நெறியினின்று நீங்கிச் சிவநெறி சார்ந்ததைக் கல்வெட்டில் பதித்தான். அவ்வேறு நெறி சமணமே என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அதற்கு ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்குப் பின், அம்மலைமேல் உறையும் இறைவனின் பெயரையே தம் பெயராகக் கொண்ட ஒருவர், கொல்லாமை உலகெங்கும் ஓங்க வேண்டும் என்று பாடினார். அவரே தாயுமான அடிகள்.

அடிகளின் தந்தையார் கேடிலியப்ப பிள்ளை, வேதாரணியம் என்னும் திருமறைக்காட்டைச் சேர்ந்தவர். அவ்வூர்க் கோயிலின் நிர்வாகத்தை நேர்மையாக நடத்திவந்தார். அவருடைய திறமையை அறிந்த நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர், அவரைத் திருச்சிராப்பள்ளிக்கு அழைத்து அரண்மனைச் சம்பிரதி ஆக்கினார். மூத்த மகன் சிவசிதம்பரத்தைப் பிள்ளையில்லாத தமையனாருக்குத் தத்துக் கொடுத்துவிட்ட கேடிலியப்பரும் கசவல்லி அம்மையாரும், மலைமேல் உள்ள தாயுமானசுவாமியை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அப்பெருமானின் பெயரையே இட்டனர். பலரும் கூறும் கணக்குப்படி அது 1705ஆம் ஆண்டு. பிள்ளை தமிழும் வடமொழியும் ஐயந்திரிபறக் கற்றார். தந்தையார் மறைந்தபின், இளம் வயதிலேயே அவருடைய பதவி மகனிடம் வந்தது.

விசயரங்க சொக்கநாதர் 1706 முதல் 1732 வரை ஆண்டவர். ஆட்சியைவிட ஆலயங்களிலேயே அவர் மனம் மிகுதியும் சென்றது. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள திருவரங்கம் அவர் உயிர்நிலை. அக்கோயிலில் கைகூப்பி நிற்கும் அவருடைய உருவச்சிலையைத் தேவியரோடு இன்றும் காணலாம். வைணவப் பற்றுடைய மன்னரின் அவையில் சைவரான இளைஞர் கணக்கும் கருவூலமும் பார்த்தார். அதில் யாருக்கும் இடர் இருந்ததாகத் தெரியவில்லை.

இக்காலத்தைப் பற்றி இரண்டு செவிவழிக் கதைகள் வழங்குகின்றன. அவையில் இருந்தபோது தம் கைக்கு வந்த அரசாங்க ஓலை ஒன்றை அடிகள் கண்மூடிய நிலையில் கசக்கி எறிந்தாராம். அவையோர் திகைத்தனர். திருவானைக்காவில் அகிலாண்டேசுவரி அம்மையின் ஆடையில் தீப்பற்றியதென்றும், அந்நேரத்தில் அடிகளே அங்கு நின்று அதனைக் கசக்கி அணைத்தாரென்றும் பின்னர்ச் செய்தி வந்ததாம். மற்றொரு கதையில், மன்னர் அளித்த விலையுயர்ந்த காசுமீரச் சால்வையைக் குளிரில் நடுங்கிய ஏழைக் கிழவி ஒருத்திக்கு அடிகள் போர்த்திவிடுகிறார். மன்னர் வினவியபோது, அகிலாண்டேசுவரிக்குக் கொடுத்தேன் என்ற பொருளில் விடை சொல்கிறார். முதற்கதை அற்புதம் விரும்புவோர்க்கு உரியது. இரண்டாவது கதைக்கு அற்புதம் எதுவும் தேவையில்லை; அடிகளின் கொள்கை முழுவதும் அந்தச் சால்வைக்குள் இருக்கிறது.

மலையிலுள்ள மடத்தில் மௌனகுரு என்பார் இருந்தார். திருமூலர் மரபில் வந்தவர் என்பர். அடிகள் அவரை அடுத்துத் துறவு வேண்டினார். குருவோ உடனே இசையவில்லை. இல்லறத்தில் இருந்து ஒரு மகனைப் பெற்றபின் வருமாறு கூறி, அதுவரை சும்மா இருக்கும்படி பணித்தார். கணக்கோலையும் வழக்கும் விடாது துரத்தும் அலுவலருக்கு அதனினும் கடினமான கட்டளை வேறொன்று இருந்திராது. பேசாதிருத்தலும் செயலற்றிருத்தலும் அன்று, நான் செய்கிறேன் என்னும் முனைப்பு ஒடுங்குதலே அதன் பொருள் என்பதை அறிய அடிகளுக்குப் பல ஆண்டுகள் ஆயின. பாடல்களில் இந்த ஒரு கட்டளையை எண்ணி எண்ணி அவர் ஏங்குவதை எவரும் காணலாம்.

1732இல் மன்னர் மகப்பேறின்றி மறைந்தார். அரசி மீனாட்சி ஆட்சியை ஏற்றார். அரசி அடிகள்மேல் காதல் கொண்டு நாட்டையே அளிக்க முன்வந்தார் என்றும், அதற்கு அஞ்சி அடிகள் இரவோடிரவாக வெளியேறினார் என்றும் வரலாறு சொல்வோர் எழுதுவர். இதனை எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும். கணவனை இழந்த அந்த அரசி, வங்காரு திருமலையின் அரியணைப் போட்டிக்கும் ஆர்க்காட்டுப் படைக்கும் இடையே தனித்து நின்றவர்; சந்தா சாகிபின் உறுதிமொழியை நம்பி ஏமாந்து, கோட்டை அவர் கைக்குப் போனபின் நஞ்சுண்டு மாண்டவர். துறவியின் பெருமையை உயர்த்துவதற்கு அவ்வம்மையாரைத் தாழ்த்த வேண்டியதில்லை. அரண்மனை நிலைகுலைந்த அக்காலத்தில், மாணவர் அருளையர் துணையுடன் அடிகள் பதவியைத் துறந்து தெற்கே சென்றார் என்ற அளவே போதும்.

தமையனார் சிவசிதம்பரம் தேடிவந்து ஊருக்கு அழைத்துச் சென்று, மட்டுவார்குழலி என்னும் நங்கையை மணம் முடித்துவைத்தார். கனகசபாபதி என்ற மகன் பிறந்தான். சில காலத்தில் மனைவியார் இறந்தார். குழந்தையைத் தமையனாரிடம் ஒப்படைத்த அடிகள் மீண்டும் மௌனகுருவை அடைந்தார். குரு முன்னர்ச் சொன்னவாறே அனைத்தும் நடந்திருந்தது. இம்முறை துறவு கிடைத்தது.

அடிகள் பாடியவை 56 தலைப்புகளில் 1452 பாடல்கள் என்பது வழக்கு. அவற்றுள் பராபரக்கண்ணி மட்டும் 389 கண்ணிகள். கொல்லாமையை நோன்பாகக் கொண்டவரே நல்லவர் என்றும், மற்றவரை எப்பெயரால் அழைப்பதென்று தெரியவில்லை என்றும் அதில் அவர் கூறுவது சமணர் செவிக்குப் புதியதன்று. புதுமை வேறோரிடத்தில் இருக்கிறது. வழிபாட்டிற்கு மலர் கொய்யச் சென்ற அடிகளுக்குக் கை எழவில்லை. அந்த மலரிலும் இறைவனே நிறைந்திருப்பதாகக் கண்டபின் அதனைக் கிள்ளுவது எப்படி? கும்பிடலாமென்றால், கும்பிடும் தம் உள்ளத்திலும் அவனே இருப்பதால் கைகூப்பவும் நாணம் வருகிறது. ஆகவே தம் பூசை பாதியில் நின்றுவிட்டது என்கிறார். தம் வழிபாடு முற்றுப்பெறவில்லை என்று ஒப்புக்கொண்ட அடியார் அவரைப் போல மிகச் சிலரே.

அவருடைய கொள்கை எளிதானதன்று. சைவ சித்தாந்தத்தின்படி உலகம் மாயையினின்று தோன்றிய சடம். அதற்குத் தானாக அறிவு இல்லை. வேதாந்தமோ பிரமம் ஒன்றே மெய் என்னும். இரண்டும் பகையல்ல என்பதே அடிகளின் சமரசம். கல் தன்னை அறியாது. ஆனால் அறிவாகிய பரம்பொருள் இல்லாத இடம் கல்லினுள்ளும் இல்லை. மெய்யெழுத்தினுள் அகரம் கலந்து நின்றும் மெய்யெழுத்தே ஆகிவிடாதது போல என்று சித்தாந்திகள் இதனை விளக்குவர். எல்லாம் கடவுள் என்பது வேறு, எல்லாவற்றிலும் கடவுள் என்பது வேறு. அடிகள் இவ்விரண்டின் எல்லையில் நின்று பாடுகிறார்.

மேனாட்டிலும் இவ்வினா அக்காலத்தில் எழுந்திருந்தது. இயற்கையும் கடவுளும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் அறிஞர் ஸ்பினோசாவை அவருடைய யூத சமூகம் 1656இலேயே விலக்கிவைத்தது. அனைத்தும் இறையே என்பாரைக் குறிக்கும் சொல்லை அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் டோலண்ட் நூலில் வழங்கிய ஆண்டு 1705. அடிகள் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டும் அதுவே. ஆம்ஸ்டர்டாமில் விலக்கத்தைத் தேடித்தந்த சிந்தனைக்கு நெருங்கிய ஒன்று, திருச்சிராப்பள்ளியில் போற்றிப் பாடப்பட்டது.

ஆருகத நெறி இதனை எவ்வாறு காணும்? சீவன், அசீவன் என்னும் இரண்டையும் அது கலப்பதில்லை. அறிதலும் காணுதலுமாகிய உபயோகம் சீவனுக்கே உரிய இலக்கணம். புத்கலத்திற்கும், தருமம், அதருமம், ஆகாயம், காலம் ஆகியவற்றிற்கும் அறிவில்லை. ஆயினும் உலகம் உயிரற்ற வெளி அன்று. மண்ணை உடலாகக் கொண்டவை, நீரை, தீயை, காற்றை உடலாகக் கொண்டவை, செடிகொடிகள் என ஓரறிவு உயிர்கள் எங்கும் நிறைந்துள்ளன. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகத் தொல்காப்பியமும் வகுத்தது. எங்கும் உயிர் உண்டு, ஆனால் எல்லாம் ஓருயிர் அன்று என்பதே வேறுபாடு. ஒவ்வொரு சீவனுக்கும் தன் வினை, தன் கட்டு, தன் வீடு. அறிவு ஒன்றே எங்கும் நிறைந்ததாயின் கட்டுண்டவர் யார், விடுபட்டவர் யார் என்று சமண ஆசிரியர் கேட்பர். அவ்வினாவிற்கு அடிகளின் பாடல்களில் ஏக்கம் கிடைக்கும், விடை கிடைக்காது.

ஆனால் மலர்முன் நிற்கும்போது நிலைமை வேறு. இல்லறத்தார் கொள்ளும் அணுவிரதம் இயங்கும் உயிர்களைக் கொல்லாமையையே முதன்மையாகக் கேட்கிறது. நிலைத்திணை உயிர்களில் அளவோடு இருந்தால் போதும் என்று இடம் தருகிறது. பச்சிலையையும் ஊறு செய்யாதிருத்தல் முனிவரின் மாவிரதம். அடிகள் மலரைத் தனியோர் உயிராகக் கருதிக் கையை விலக்கவில்லை. இறைவன் இருப்பிடமாகக் கருதி விலக்கினார். காரணம் முற்றிலும் வேறு. மலர் இரண்டு வழியிலும் செடியிலேயே நின்றது. ஒன்றை இங்கே மறைக்க வேண்டியதில்லை: எல்லாம் இறையே என்று பேசியோர் அனைவரும் கொல்லாமைக்கு வந்தவர் அல்லர், கொல்லும் கையிலும் அவனே என்று வாதிட்டவரும் உண்டு. அடிகள் அவ்வழியில் ஓரடியும் வைக்கவில்லை.

துறவு பெற்றபின் அடிகள் அருளையரோடு தலங்கள் பல வணங்கி, இறுதியில் இராமநாதபுரம் சேர்ந்தார். அங்கே இலட்சுமிபுரத்தில் நிட்டையில் அமர்ந்து 1742இல் உடல் நீத்தார் என்பர். தை விசாகம் அவருடைய நாள். சந்தா சாகிபிடமிருந்து திருச்சிராப்பள்ளிக் கோட்டையை மராட்டியர் கைப்பற்றியது அதற்கு முந்தைய ஆண்டு, 1741இல். அடிகள் கணக்கெழுதிய அரண்மனையின் அரசு அதற்கு முன்பே மறைந்துவிட்டது. அவர் பாடல்களை அருளையர் உள்ளிட்ட மாணவர் காத்தனர்.