விரல் நுனி அளவுக்கு ஆறு புள்ளி

கட்டுரைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்ககிட்ட ஆண்ட்ராய்டு போன் இருந்தா செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி பக்கத்துக்குப் போங்க. அங்க டாக்பேக்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் இருக்கும். அதுக்குள்ள பிரெய்ல் கீபோர்டுன்னு ஒரு வசதி இருக்கு. அதைத் திறந்தா ஏ, பி, சி, டி எதுவும் வராது. ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்ட ஆறு வட்டங்கள் மட்டும்தான் வரும். ஒரு எச்சரிக்கை: டாக்பேக் ஆன்ல இருக்கும்போது ஒரு தடவை தொட்டா பேரை மட்டும் சொல்லும், ரெண்டு தடவை தட்டினாத்தான் திறக்கும். இது தெரியாம என்னை மாதிரி அரை மணி நேரம் முழிக்காதீங்க.

எந்த எழுத்துக்கு எந்த வட்டம்னு முடிவு செஞ்சது கூகுள்ல வேலை செய்யுற யாரோ இல்ல. ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன்னாடி பாரிஸ்ல படிச்ச ஒரு 15 வயசுப் பையன். பேர் லூயி பிரெய்ல். பேரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். ஸ்கூல் ஜி.கே. புத்தகத்துல ஒரு வரியா மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கிற கதை, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யுற நம்மள மாதிரி ஆட்களுக்கு ரொம்ப முக்கியமானது. ஏன்னு கடைசியில சொல்றேன்.

லூயி 1809 ஜனவரி 4 அன்று பிறந்தார். ஊர், பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கூப்வ்ரே என்ற கிராமம். அப்பா குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. வீட்டோடு ஒட்டியே பட்டறை. மூன்று வயதில் அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, தோலில் ஓட்டை போடும் குத்தூசியைக் கையில் எடுத்தது. அது நழுவி ஒரு கண்ணில் குத்திவிட்டது. அப்போது ஆன்டிபயாடிக் ஏது? புண் சீழ் பிடித்து அடுத்த கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது.

அந்தக் காலத்தில் பார்வை இல்லாத ஏழைக் குழந்தைக்கு என்ன எதிர்காலம் இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனால் லூயியின் பெற்றோர் அவனை மூலையில் உட்கார வைக்கவில்லை. அப்பா கைத்தடி செய்து கொடுத்தார். ஊர்ப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளியிலேயே மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, காதால் கேட்டே படித்தான். கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினான். 1819-ல், பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது.

அந்தப் பள்ளியை ஆரம்பித்தவர் வாலன்டின் ஹவுயி. பார்வை உள்ளவர், நல்ல மனசுக்காரர். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஈரமான கெட்டித் தாளைப் பெரிய அச்சு எழுத்துகள் மேல் அழுத்தினால் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும். அதை விரலால் தடவிப் படிக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? பிரச்சினை என்னன்னா, அது கண்ணுக்காகச் செஞ்ச எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரலால் சுத்திச் சுத்தித் தடவணும். ஒரு வாக்கியத்தின் கடைசி எழுத்துக்கு வர்றதுக்குள்ள முதல் வார்த்தை மறந்துபோகும். புத்தகங்கள் தூக்க முடியாத கனம், எண்ணிக்கையிலும் கொஞ்சம்தான். எல்லாத்தையும் விடப் பெரிய குறை, மாணவர்கள் அந்த முறையில் தாங்களே எழுத முடியாது. ரீட் ஒன்லி ஃபைல் மாதிரி. யாராவது எழுதிக் கொடுத்தால் படிக்கலாம், அவ்வளவுதான்.

1821-ல் சார்லஸ் பார்பியர் என்பவரின் முறை பள்ளிக்கு வந்தது. அவர் முன்னாள் ராணுவ அதிகாரி. எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிகளை வைத்திருந்தார். பிரெஞ்சு மொழியின் ஒலிகளை ஆறுக்கு ஆறு என்ற கட்டத்தில் அடுக்கி, எந்த வரிசை, எந்த இடம் என்பதை இரண்டு பத்தியில் புள்ளி குத்திக் காட்டுவார். நம்ம பாஷையில சொன்னா டூ டி அரே, ரெண்டு இன்டெக்ஸ். புள்ளி விரலுக்கு நன்றாகப் பிடிபட்டது. ஒரு சட்டமும் கூரான ஒரு ஊசியும் இருந்தால் தாங்களே எழுதவும் முடிந்தது. மாணவர்களுக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் லூயிக்கு அதில் இரண்டு குறை பட்டது. முதலாவது, ஒரு பத்திக்கு ஆறு புள்ளி வரை, மொத்தம் பன்னிரண்டு வரை போகும். அந்த உயரம் விரல் நுனிக்குள் அடங்காது. ஒவ்வொரு குறிக்கும் விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். இரண்டாவது, அது ஒலியை மட்டும்தான் எழுதும். ஸ்பெல்லிங் கிடையாது, காற்புள்ளி முற்றுப்புள்ளி கிடையாது, கணக்கு கிடையாது, இசைக்குறி கிடையாது. படிப்பாளியாக விரும்பும் ஒரு பையனுக்கு அது போதவில்லை.

இந்த ரெண்டு குறையும் பார்வை உள்ளவங்க கண்ணுக்குப் பட்டிருக்காது. விரலை வெச்சுத் தினமும் படிக்கிறவனுக்குத்தான் படும்.

அடுத்த சில வருடங்கள் லூயி இதே வேலையாக இருந்தான். 1824 வாக்கில், 15 வயதில், முறையின் அடிப்படை தயார். இரண்டு பத்தி, பத்திக்கு மூன்று புள்ளி, மொத்தம் ஆறு. விரல் நுனியை வைத்தால் ஒரே தொடுதலில் முழு எழுத்தும் அடியில் இருக்கும். ஆறு இடம், ஒவ்வொன்றிலும் புள்ளி இருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம். இரண்டின் அடுக்கு ஆறு, 64. வெற்று இடத்தைக் கழித்தால் 63 குறிகள். சிக்ஸ் பிட் கோட், நண்பர்களே! நாம பாடத்துல படிக்கிற ஆஸ்கி 1963-ல் வந்தது.

அடுக்கிய விதமும் அழகு. முதல் பத்து எழுத்துக்கு மேலே உள்ள நான்கு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்து எழுத்துக்கு அதே வடிவங்கள், கூடவே இடது பக்கம் கீழ்ப்புள்ளி. அதற்கடுத்த வரிசைக்குக் கீழே உள்ள இரண்டு புள்ளியும். பத்து வடிவத்தைக் கத்துக்கிட்டா மீதி தானா வந்துடும். டபிள்யூ மட்டும் இந்த வரிசையில் ஒட்டாமல் நிற்கும், ஏனென்றால் அன்றைய பிரெஞ்சில் அந்த எழுத்துக்கு வேலை இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள்.

1829-ல் இந்த முறையைப் புத்தகமாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 20. அதில் பார்பியருக்குத் தான் பட்ட கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். முதல் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. கோடு எழுதுவதற்குச் சிரமம் என்று தெரிந்ததும் 1837 பதிப்பில் எடுத்துவிட்டார். வெர்ஷன் டூ-ன்னு வெச்சுக்கோங்க.

இதற்குள் அவர் அதே பள்ளியில் ஆசிரியராகிவிட்டார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். இசைக்குறிகளையும் ஆறு புள்ளிக்குள் கொண்டுவந்தார். 1839-ல் இன்னொரு முறையையும் வெளியிட்டார். பார்வையற்றவர் பார்வை உள்ளவருக்குக் கடிதம் எழுத, பத்துப் புள்ளி உயரத்துக்குள் சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் குத்திக் காட்டும் முறை. பியர் ஃபூக்கோ என்ற பார்வையற்ற நண்பர் அதற்கு ஒரு இயந்திரமே செய்தார். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் பார்த்திருக்கீங்களா? கிட்டத்தட்ட அதே யோசனை, 1840-களில்!

இவ்வளவு செய்தும் பள்ளி நிர்வாகம் அந்த ஆறு புள்ளியை அதிகாரப்பூர்வமாக ஏற்கவில்லை. ஆதரவாக இருந்த இயக்குநர் 1840-ல் பதவி இழந்தார். அடுத்து வந்த துஃபோ பிரெய்ல் முறைக்குத் தடையே போட்டார். பார்வை உள்ளவர்களால் படிக்க முடியாத தனி எழுத்து எதற்கு என்பதுதான் அந்தக் காலத்தில் இதை எதிர்த்தவர்களின் வாதம். கவனிங்க, படிக்கப் போறது பார்வை இல்லாத பசங்க. கஷ்டமா இருக்குன்னு சொல்றது பார்வை உள்ளவங்க.

பசங்க கேட்டாங்களா? இல்ல. மறைவாக எழுதினார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். துஃபோவின் உதவியாளர் குவாதே இதைக் கவனித்தார், மெல்ல அவர் மனதை மாற்றினார். 1844-ல் பள்ளியின் புதிய கட்டடம் திறந்தபோது, கூடியிருந்தவர்கள் முன்னால் பிரெய்ல் முறை செய்து காட்டப்பட்டது. தடை போன இடம் தெரியவில்லை.

லூயிக்கு அதற்குள் காசநோய் முற்றிக்கொண்டிருந்தது. 1852 ஜனவரி 6 அன்று, 43-வது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், காலமானார். தன் எழுத்தைப் பள்ளி அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டதை அவர் காணவில்லை. அது நடந்தது 1854-ல். 1868-ல் இங்கிலாந்தில் தாமஸ் ஆர்மிட்டேஜ் என்பவர், விரலால் மட்டுமே படிக்கும் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். எந்த எழுத்துமுறை நல்லது என்பதைப் பார்வை இல்லாதவர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அவர்கள் தேர்ந்தெடுத்தது பிரெய்லை. 1878-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடும் அதையே பரிந்துரைத்தது. 1951-ல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது. நம்ம அ-வுக்கு ஆங்கில ஏ-யின் புள்ளி, க-வுக்கு கே-யின் புள்ளிகள், ம-வுக்கு எம்-மின் புள்ளிகள். 1952-ல் பிரான்ஸ் அவர் உடலைப் பெருந்தலைவர்களின் நினைவிடமான பாந்தியோனுக்குக் கொண்டுபோனது. கைகளை மட்டும் கூப்வ்ரே கிராமம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இப்போ உங்க லேப்டாப்புக்கு வருவோம். யூனிகோடில் பிரெய்லுக்கு 256 இடம் இருக்கு. கம்ப்யூட்டருக்காக ஆறு புள்ளியோட ரெண்டு சேர்த்து எட்டாக்கினாங்க, சரியா ஒரு பைட். எழுத்தைப் பிரெய்லா மாத்தித் தர்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒண்ணு இருக்கு. அதுக்கு லிப்லூயினு இவர் பேரையே வெச்சிருக்காங்க. அதைப் பயன்படுத்துற ஸ்கிரீன் ரீடர்தான் விண்டோஸுக்கான என்விடிஏ. முழுக்க இலவசம், பென் டிரைவ்ல போட்டுக்கூட ஓட்டலாம், தமிழும் வாசிக்கும். 2006-ல் அதை எழுத ஆரம்பிச்சவர் மைக்கேல் கரன், சீக்கிரமே ஜேம்ஸ் டே சேர்ந்தார். ரெண்டு பேரும் ஆஸ்திரேலியக்காரங்க, ரெண்டு பேருக்கும் பார்வை கிடையாது. விலைக்கு வித்த ஸ்கிரீன் ரீடர்கள் எல்லாராலயும் வாங்க முடியாத விலையில இருந்ததால தாங்களே எழுதினாங்க. லூயி செஞ்ச அதே வேலை.

கடைசியில சொல்றேன்னு சொன்னேனே, அது இதுதான். போன வருஷம் நாங்க நாலு பேர் மினி ப்ராஜெக்டுக்கு அல்ட்ராசோனிக் சென்சார் வெச்ச கைத்தடி செஞ்சோம். காரிடர்ல கர்சீப்பால கண்ணைக் கட்டிக்கிட்டு டெஸ்ட் பண்ணினோம். ரிவ்யூவுல வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பார்வை இல்லாதவங்க எத்தனை பேர் இதைப் பிடிச்சு நடந்து பார்த்தாங்கன்னு. பூஜ்யம். மார்க் என்னவோ நல்லாத்தான் வந்துச்சு. ஆனா அந்தக் கேள்வி இன்னும் போகல. ஹவுயி மாதிரியே நாங்களும் நல்ல மனசோடதான் செஞ்சோம், எங்க கண்ணுக்காகச் செஞ்சோம்.

இந்த செமஸ்டர் எங்க ப்ராஜெக்ட் ஒரு வெப் ஆப். முதல் வேலையா என்விடிஏ போட்டு, ஸ்கிரீனை அணைச்சிட்டு, மவுஸைத் தள்ளி வெச்சு, டேப் கீ மட்டும் வெச்சு ஓட்டிப் பார்த்தேன். பட்டன், பட்டன், பட்டன்னு மட்டும் சொல்லிச்சு. எந்த பட்டன்னு சொல்லல, ஏன்னா நாங்க பேரே வைக்கல. சரி செய்ய ஒரு சாயங்காலம் போதுமா இருந்துச்சு. அதுக்கப்புறம் தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துற ஒரு ஜூனியர்கிட்ட கொடுத்தோம். பத்து நிமிஷத்துல எங்களுக்குத் தோணவே தோணாத ஏழு குறை சொன்னார்.

நீங்களும் உங்க ப்ராஜெக்டை இப்படி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. க்ளாஸ் குரூப்ல நோட்ஸ் அனுப்பும்போது போட்டோவா அனுப்பாம டைப் செஞ்ச ஃபைலா அனுப்புங்க, ஸ்கிரீன் ரீடருக்கு போட்டோ வெறும் வெள்ளைத் தாள் மாதிரி. நம்ம மின்னிதழும் இதுல யோக்கியம் இல்ல, போன இதழ்கள்ல படங்களுக்கு விவரம் எழுதினதே கிடையாது. இந்த இதழ்ல இருந்து எல்லாப் படத்துக்கும் எழுதியிருக்கோம். எங்கயாவது விட்டுப்போயிருந்தா ஆசிரியர் குழுவுக்குச் சொல்லுங்க, திருத்திடுறோம்.