மார்கரெட் மக்மில்லன்

மார்கரெட் மக்மில்லன் (ஜூலை 20, 1860 – மார்ச் 29, 1931) பிரித்தானியக் கல்வியாளரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். பள்ளி செல்லும் வயதை எட்டாத ஏழைக் குழந்தைகளுக்கு உணவு, தூய்மை, மருத்துவம், விளையாட்டு, கல்வி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என வலியுறுத்தியவர். தமக்கை ரேச்சலுடன் இணைந்து இலண்டனின் டெப்ட்போர்டு பகுதியில் 1914 ஆம் ஆண்டு திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினார்.

இளமை

ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில், இசுக்காட்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு இவர் பிறந்தார். 1865 இல் தந்தையும் தங்கை எலிசபெத்தும் நோயுற்று இறந்தனர். மார்கரெட்டும் அப்போது செங்காய்ச்சலால் தாக்கப்பட்டுக் கேட்கும் திறனை இழந்தார். பதினான்கு வயதளவில்தான் அத்திறன் மீண்டது. கணவரை இழந்த தாய், எஞ்சிய இரு மகள்களுடன் இசுக்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகருக்குத் திரும்பினார். 1877 இல் தாயும் காலமானார். அதன்பின் ரேச்சல் பாட்டியைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். மார்கரெட், ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இசையும் மொழிகளும் கற்று, செல்வர் இல்லங்களில் தங்கிக் கற்பிக்கும் ஆசிரியையாகப் பணிபுரிந்தார்.

பாட்டி 1888 இல் இறந்தபின் சகோதரிகள் இருவரும் இலண்டனில் ஒன்றுசேர்ந்தனர். சமவுடைமைக் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட இவர்கள், 1889 இல் நடந்த துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கு ஆதரவளித்தனர்.

பிராட்போர்டில் பணிகள்

1890களின் தொடக்கத்தில் சகோதரிகள் கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்போர்டு நகரில் குடியேறினர். அங்கு வறிய குடும்பங்களின் குழந்தைகள் பசியோடும் அழுக்கோடும் பள்ளிக்கு வந்தனர். குளிர்காலத்தில் பல மாதங்கள் உடையே களையப்படாத குழந்தைகளும் இருந்தனர். வளர்ந்த சிறுவர் சிறுமியர் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் வகுப்பிலும் கழித்தனர். இந்த அரைநாள் வேலை முறையை மார்கரெட் கடுமையாக எதிர்த்தார்.

1894 இல் சுதந்திர தொழிற்கட்சியின் சார்பில் பிராட்போர்டு பள்ளி வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாரியத்தின் மருத்துவ அலுவலர் ஜேம்ஸ் கெர் என்பவருடன் இணைந்து பள்ளிக் குழந்தைகளின் உடல்நிலையை ஆராய்ந்தார். இது பிரித்தானியாவில் பதிவான தொடக்ககாலப் பள்ளி மருத்துவ ஆய்வுகளுள் ஒன்றாகும். 1897 இல் வேப்பிங் சாலைப் பள்ளியில் குழந்தைகளுக்கான குளியலறைகள் திறக்கப்பட்டன.

1902 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களை ஒழித்து, அவற்றின் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கியது. அம்மன்றங்களின் தேர்தலில் பெண்கள் அப்போது போட்டியிட இயலாது. ஆகவே மார்கரெட் தம் பொறுப்பை இழந்து, அதே ஆண்டில் இலண்டன் திரும்பினார்.

மருத்துவ ஆய்வும் சிகிச்சையும்

பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பது இவரது உறுதியான கருத்து. பள்ளியில் உணவு வழங்க உள்ளூராட்சிகளை அனுமதித்த 1906 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும், பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவ ஆய்வைக் கட்டாயமாக்கிய 1907 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் ஆதரவாகப் பரப்புரை செய்தோருள் இவரும் ஒருவர்.

நோயைக் கண்டறிந்து குறித்து வைப்பதால் மட்டும் பயனில்லை என்பதை இவர் விரைவில் உணர்ந்தார். மருத்துவருக்குப் பணம் கொடுக்க இயலாத பெற்றோர், ஆய்வின் முடிவை அறிந்தும் குழந்தைக்குச் சிகிச்சை பெற முடியவில்லை. எனவே அமெரிக்க சோப்பு உற்பத்தியாளர் ஜோசப் ஃபெல்ஸ் அளித்த பண உதவியுடன் 1908 இல் இலண்டனின் போ பகுதியில் பள்ளி மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. 1910 இல் இப்பணி டெப்ட்போர்டுக்கு மாறியது. அங்கு கண், காது, பல், தோல் ஆகியவற்றின் குறைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது.

ஆயினும் குணமான குழந்தைகள் சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தனர். இருண்ட, நெரிசலான வீடுகளும் போதிய உணவின்மையுமே இதற்குக் காரணம் எனச் சகோதரிகள் கண்டனர். இதனால் 1911 இல் சிறுமியர் இரவில் திறந்தவெளியில் உறங்குவதற்கான முகாமை அமைத்தனர்.

திறந்தவெளி மழலையர் பள்ளி

ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைகளுள் பலர் அதற்கு முன்பே நலம் கெட்டவர்களாக இருந்தனர். ஆகவே பராமரிப்பு அதற்கும் முன்னரே தொடங்க வேண்டும் என்ற முடிவிற்கு இருவரும் வந்தனர். 1914 இல் தொடங்கப்பட்ட மழலையர் பள்ளி இந்த எண்ணத்தின் விளைவாகும்.

இப்பள்ளியில் வழக்கமான வகுப்பறைகள் இல்லை. தோட்டத்தை நோக்கித் திறந்த கொட்டகைகளில் குழந்தைகள் பகலைக் கழித்தனர். குளியல், நேரந்தவறாத உணவு, நண்பகல் உறக்கம் ஆகியவை அன்றாட ஒழுங்கின் பகுதிகளாயின. செடிகள், மணல், நீர், வளர்ப்பு விலங்குகள் ஆகியவற்றுடன் விளையாடும்போது குழந்தைகள் தாமே கற்றனர். முகம் கழுவுவதும் மேசையில் அமர்ந்து உண்பதும் இங்கு பாடங்களாகவே கருதப்பட்டன.

குடும்பத்தை விலக்கி வைத்து இப்பள்ளி இயங்கவில்லை. தாய்மாருக்கான கூட்டங்கள் நடத்தப்பட்டன. பயிற்சி பெறும் ஆசிரியைகள் குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று வாழ்நிலையை அறிந்துகொண்டனர். முதல் உலகப்போரின்போது வெடிபொருள் ஆலைகளில் பணிபுரிந்த தாய்மாரின் குழந்தைகளும் இங்கு பராமரிக்கப்பட்டனர்.

ரேச்சல் 1917 மார்ச் 25 அன்று, தம் பிறந்த நாளிலேயே, காலமானார். பள்ளிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. தமக்கையின் பிரிவிற்குப் பின்னரும் மார்கரெட் பணியைத் தனியே தொடர்ந்தார்.

பிற்காலம்

1918 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மழலையர் பள்ளிகளை நடத்த உள்ளூராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் அது கட்டாயமன்று. 1920களின் தொடக்கத்தில் அரசு செலவைக் குறைத்ததால் இப்பள்ளிகள் பரவலாகவில்லை. 1923 இல் மழலையர் பள்ளிச் சங்கம் உருவானபோது மார்கரெட் அதன் முதல் தலைவரானார். பள்ளியின் அளவு, குழந்தைகளின் வயது வரம்பு, வேலை நேரம் ஆகியவற்றில் சங்கத்தின் பிற முன்னோடிகளுடன் இவர் கருத்து வேறுபட்டார். ஏழு வயது வரையிலான குழந்தைகளை நாள் முழுதும் பராமரிக்கும் பெரிய பள்ளிகளையே இவர் விரும்பினார்.

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கக் குறைந்த பயிற்சி போதும் என்ற அக்காலக் கருத்தை ஏற்காத இவர், மூன்றாண்டுப் பயிற்சி தேவை என வாதிட்டார். இந்நோக்கில் நிறுவப்பட்ட ரேச்சல் மக்மில்லன் பயிற்சிக் கல்லூரியை 1930 மே மாதத்தில் அரசி மேரி திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு மார்கரெட் காலமானார். இவரது உடல் பிராக்லி கல்லறைத் தோட்டத்தில் ரேச்சலின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

படைப்புகளும் தாக்கமும்

இளங்குழந்தைப் பருவம் (1900), கற்பனை வழிக் கல்வி (1904), மழலையர் பள்ளி (1919) முதலிய பொருள்களில் நூல்களை எழுதினார். தமக்கையின் வாழ்க்கை வரலாற்றை 1927 இல் வெளியிட்டார்.

பள்ளி உணவு, மருத்துவ ஆய்வு, பள்ளி மருத்துவமனை ஆகியவை பின்னாளில் பிரித்தானியாவில் பொதுச் சேவைகளாயின. உடல்நலம், கல்வி, குடும்ப ஆதரவு ஆகிய மூன்றையும் பிரிக்காமல் நோக்கும் முன்பள்ளிக் கல்வி முறைகளின் வரலாற்றில் மக்மில்லன் சகோதரிகள் முன்னோடிகளாகக் குறிப்பிடப்படுகின்றனர்.