புது விதிகளை வென்ற சுல்தான்!

குட்டீஸ்... 2022ம் ஆண்டில், செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி, சட்டை அணிந்த, 'தம்பி' என்ற குதிரை, கைகூப்பி எல்லாரையும் வரவேற்றதே... அந்தப் போட்டிதான்!

அங்கே 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் கூடினர். பணக்கார நாடோ, ஏழை நாடோ, எல்லாருக்கும் ஒரே மாதிரியான பலகை. ஒரே மாதிரியான காய்கள். காய்கள், 'ஸ்டான்டன்' என்ற வடிவத்தில் இருக்க வேண்டும், ராஜா, 9.5 செ.மீ., உயரம் இருக்க வேண்டும் என்றெல்லாம் உலக செஸ் கூட்டமைப்பு அளவு வகுத்து வைத்திருக்கிறது. பொருளில் வித்தியாசம் இல்லை என்றால், வெற்றியைத் தீர்மானிப்பது திறமைதானே!

ஆனால், விளையாட்டின் விதிகளே மாறிப் போனால் என்ன செய்வது? அப்படி ஒரு சோதனையைச் சந்தித்தவர்தான் மீர் சுல்தான் கான்.

அன்றைய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில், மித்தா திவானா என்ற கிராமத்தில், 1900க்குப் பின் சில ஆண்டுகளில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ஒன்பது வயதில், தந்தையிடம் சதுரங்கம் கற்றார். வளர்ந்ததும், அவரது ஆட்டத்தைக் கண்டு வியந்த பெரும் நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான், அவரை ஆதரித்தார். 1928ல், அகில இந்திய சாம்பியன் ஆனார் சுல்தான். மறு ஆண்டே, அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார், உமர் ஹயாத் கான்.

அங்கேதான் சிக்கல்!

சுல்தான் சிறு வயதில் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில், சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ஐரோப்பிய முறையிலோ, முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவலாம். ஐரோப்பாவில் ராஜாவும், யானையும் சேர்ந்து, 'கோட்டை கட்டும்' வழக்கம் உண்டு. இந்திய முறையில் அது கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ஒரே ஒரு முறை, குதிரையைப் போலத் தாவலாம்.

சின்ன மாற்றம்தானே என்று நினைக்காதீர்கள். சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்தால், ஆட்டம் சூடு பிடிக்கும் வேகமே மாறிவிடும். அதனால், எப்படித் துவங்க வேண்டும் என்பதற்கே ஐரோப்பாவில் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருந்தனர். எதிராளிகள் அவற்றைக் கரைத்துக் குடித்தவர்கள். சுல்தானுக்கோ அந்தப் பழக்கமே இல்லை.

அவர் சோர்ந்து போகவில்லை. வின்டர், யேட்ஸ் என்ற இங்கிலாந்து வீரர்களுடன் பயிற்சி செய்தார். துவக்கத்தில் தடுமாறினாலும், காய்கள் குறைந்து போகும் கடைசிக் கட்டத்தில் அவரை அசைக்க முடியவில்லை. லண்டன் வந்த சில மாதங்களிலேயே, 1929ல், பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்றார்! மீண்டும் 1932, 1933லும் அதே பட்டம்.

ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த 1930 - 31 போட்டியில், முன்னாள் உலக சாம்பியனான கியூபா வீரர் கபாபிளாங்காவைத் தோற்கடித்தார். செஸ் ஒலிம்பியாட்டில், பிரிட்டன் அணியின் முதல் பலகை அவருக்குத்தான்! 1931ல், பிராக் நகரில் நடந்த ஒலிம்பியாட்டில் ரூபின்ஸ்டைன், ஃப்ளோர் ஆகியோரை வென்றார். உலக சாம்பியன் அலெகினுடன் டிரா செய்தார்.

இங்கிலாந்தின் குளிர், சுல்தானுக்கு ஒத்துக் கொள்ளவில்லை. அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். 1933 இறுதியில் ஊர் திரும்பினார். சர்வதேசப் போட்டிகளில் அவர் ஆடியது, ஐந்து ஆண்டுகள் கூட இல்லை!

அதன் பின், உலகம் அவரை மறந்தது. 1950ல், உலக செஸ் கூட்டமைப்பு முதன்முதலாக 27 பேருக்கு, 'கிராண்ட்மாஸ்டர்' பட்டம் வழங்கியது. சுல்தானிடம் தோற்ற ரூபின்ஸ்டைன், ஃப்ளோர், டார்டகோவர் ஆகியோருக்கு அதில் இடம் கிடைத்தது. உயிரோடு இருந்த சுல்தானுக்குக் கிடைக்கவில்லை. சொந்த ஊர்ப் பக்கம் விவசாயத்தைக் கவனித்தபடி வாழ்ந்தவர், 1966ல் மறைந்தார்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2024ல், உலக செஸ் கூட்டமைப்பு தன் குறையைச் சரி செய்தது. சுல்தான் கானுக்கு, கவுரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. அதை வாங்கிக் கொள்ளத்தான் அவர் இல்லை.

பாருங்கள் குட்டீஸ்... காய்களுக்கு அளவு உண்டு. ஆட்டத்துக்கு விதி உண்டு. ஆனால், திறமைசாலியைத் தேடிப் பிடித்து, பலகைக்கு முன் உட்கார வைக்க, எந்த விதியும் இல்லை. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் வகுப்பிலும், தெருவிலும் நன்றாக விளையாடும் ஒருவர், ஓரமாக நிற்கலாம். அடுத்த ஆட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள்!