காற்றை வசப்படுத்திய பொறியியலாளர் வில்லிஸ் கரியர்

கோடை முற்றிய ஒரு நாளிலே, வெளியே வெப்பமானி 95 பாகை பரனைற்றைத் தாண்டி நிற்கும் வேளையில், குளிரூட்டி இடைவிடாது ஓடியும் அறை குளிராமற் போவது நியூ ஜேர்சியிலும் ரெக்சாஸிலும் வாழும் எம்மவர் பலருக்கு அனுபவப்பட்ட துன்பமே. இயந்திரத்தின் பக்கத்திலே தட்டிப் பார்ப்பதும், வெப்ப அளவை மேலும் மேலும் இறக்கிப் பார்ப்பதும், ஈற்றில் யன்னலைத் திறந்துவிட்டு ஊரிலிருந்த வேப்பமர நிழலை நினைந்து பெருமூச்செறிவதும் வழக்கம். அவ்வியந்திரம் எதைச் செய்வதற்காகப் படைக்கப்பட்டது என்று அறிந்தவர், அது எங்கே தவறுகிறது என்பதையும் ஓரளவு கண்டுகொள்ளலாம். அதற்கு அதனைப் படைத்தவரின் வாழ்க்கையே நல்ல பாடமாக அமைகின்றது.

வில்லிஸ் ஹவிலன்ட் கரியர் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்திலே, ஈரி ஏரிக்கரையை அண்டிய அங்கோலா என்னும் கிராமத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். பின்ன எண்கள் விளங்காமல் அழுத சிறுவனுக்கு, அவருடைய தாயார் அப்பிள் பழங்களைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் வெட்டி வைத்துக் கணக்கை விளங்கவைத்தார் என்பர். எந்தச் சிக்கலையும் கூறுபோட்டுப் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியதெனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்ததுண்டு. அத்தாயார், மகனுக்குப் பதினொரு வயதாயிருந்தபோது காலமானார். 1893இல் அமெரிக்காவைப் பீடித்த பொருளாதார நெருக்கடி அக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. கல்லூரிக் கனவு சில ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. பின்னர் புலமைப்பரிசில் பெற்றுக் கோர்ணெல் பல்கலைக்கழகம் சென்ற கரியர், புல் வெட்டியும், வீடுகளின் உலைகளுக்குக் கரி போட்டும், மாணவர் உடைகளைச் சலவைக்குச் சேர்ப்பித்தும் செலவுக்குப் பணம் தேடிக்கொண்டார். இன்று பெற்றோல் நிலையத்திலே இரவு வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போகும் எமது இளைஞர்களுக்கு இது புதுமையான செய்தியன்று.

1901இல் பட்டம் பெற்று, பஃபலோ நகரிலே விசிறிகளும் வெப்பமூட்டிகளும் செய்யும் பஃபலோ ஃபோர்ஜ் கம்பனியில் கிழமைக்கு 10 டொலர் சம்பளத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, புருக்லினிலே இயங்கிய சக்கற் - வில்லெம்ஸ் என்னும் வண்ண அச்சகத்தின் முறைப்பாடு அவர் மேசைக்கு வந்தது.

அச்சகத்தில் வேலை செய்த வாசகர்களுக்கு இம்முறைப்பாட்டை விளக்க வேண்டியதில்லை. மாரிகாலத்திலே கடதாசி ஈரம் குடித்துப் பருக்கும். காய்ந்த நாளிலே சுருங்கும். ஒரு நிறம் மட்டும் அச்சடிப்பவருக்கு அது பெருந்தொல்லையன்று. வண்ணப் படத்திற்கோ ஒரே தாளை ஒவ்வொரு நிறத்துக்காகவும் மீண்டும் மீண்டும் பொறியில் ஏற்றவேண்டும். இடையிலே தாள் ஒரு மயிரிழை பருத்தாலும் நிறங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தா. முகம் ஓரிடத்திலும் உதட்டுச் சிவப்பு வேறிடத்திலுமாக நிற்கும். 1900, 1901 ஆகிய இரு கோடைகளும் புருக்லின் அச்சகத்தைப் படாதபாடு படுத்தின. அங்கிருந்த தொழிலாளரின் வியர்வையைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை என்பதை இங்கே குறித்துவைப்பது தகும். உலகின் முதலாவது நவீன குளிரூட்டி கடதாசியின் நலனுக்காகவே அமைக்கப்பட்டது.

காற்றைக் குளிர்விப்பது மட்டும் போதாது என்பதை இருபத்தைந்து வயது இளைஞர் கரியர் கண்டுகொண்டார். காற்றை வெறுமனே குளிர்வித்தால் அதன் சார் ஈரப்பதன் கூடுமேயன்றிக் குறையாது. கடதாசி முன்னிலும் அதிகமாக நனையும். காற்றைப் பனிபடுநிலைக்கும் கீழே கொண்டுசென்று, அதிலுள்ள நீரைத் துளிகளாக வடியவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் பார்க்கிறோமல்லவா, அதுவே இங்கும் நிகழ்கின்றது. குளிர்நீரும் அமோனியாவினாற் குளிர்விக்கப்பட்ட நீரும் ஓடும் சுருட்குழாய்களின்மீது விசிறியால் காற்றைச் செலுத்தும் திட்டத்தை அவர் வரைந்தார். அவ்வரைபடங்களிற் காணப்படும் நாள் 1902 யூலை 17. ஆண்டு முழுவதும் ஈரப்பதன் 55 சதவீதமாக நிற்பதே குறிக்கோள். அதற்கு வேண்டிய குளிர்ச்சி, நாளொன்றுக்கு 108,000 இறாத்தல் பனிக்கட்டி உருகுவதற்குச் சமமென்று கணக்கிடப்பட்டது.

அவருக்கு முன்னர் எவருமே காற்றைக் குளிர்விக்கவில்லை என்று சொல்வது தவறாகும். புளோரிடாவிலே நோயாளருக்காகப் பனிக்கட்டி செய்யும் பொறியமைத்து 1851இல் உரிமம் பெற்ற வைத்தியர் ஜோன் கொறி வறுமையில் இறந்தார். நியூயோர்க் பங்குச் சந்தையின் மண்டபத்தை அல்ஃபிரட் வூல்ஃப் குளிர்வித்ததும் கரியரின் காலத்திலேயே. ஈரப்பதனைக் கணக்கிட்டு, வேண்டிய அளவில் நிறுத்திக் காட்டியதே கரியரின் தனிப்பெருமை.

அதே ஆண்டின் பிற்பகுதியில், மூடுபனி சூழ்ந்த ஓரிரவிலே பிற்ஸ்பேர்க் புகையிரத நிலையத்தில் அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். அந்தப் பனி, நீரால் முற்றாக நிரம்பிய காற்றேயன்றி வேறில்லை; குளிர் மிகுந்திருந்தமையால் அதிலிருந்த மொத்த நீரோ மிகக் குறைவு. அவ்வாறாயின் நீர்த்தூவலின் வெப்பநிலையை விரும்பியவாறு வைத்து, அதனூடாகக் காற்றைச் செலுத்தினால், காற்றின் ஈரத்தையும் விரும்பியவாறு வைக்கலாமன்றோ? தண்ணீரைக் கொண்டே காற்றை உலர்த்தும் இவ்வெண்ணம் கேட்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். 1906 சனவரி 2இல் அதற்கு உரிமம் கிடைத்தது. 1911இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின்முன் அவர் படித்த ஆய்வுரையின் சூத்திரங்கள் இன்றளவும் இத்துறைக்கு அடிப்படையாக உள்ளன.

இனி எமது வீட்டுக்குள் இருக்கும் இயந்திரத்தைப் பார்ப்போம். அதுவும் இரு வேலைகளைச் செய்கின்றது: வெப்பத்தை வெளியேற்றுவது ஒன்று, நீரை வடிப்பது மற்றொன்று. நியூ ஜேர்சியின் புழுக்கமான நாளில் குளிரூட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது நற்சகுனமே. புழுக்கம் இருந்தும் ஒரு துளியேனும் வடியவில்லையாயின், உள்ளிருக்கும் சுருட்குழாய் குளிரவில்லை. அமுக்கி எனப்படும் கொம்பிறசர் ஓடவில்லை, அல்லது காஸ் ஒழுகிவிட்டது என ஐயுறலாம். சன் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் உட்பகுதிகளிலே கோடைக்காற்று வறண்டது. அங்கு நீர் வடியாமை குறையாகாது.

வேறொரு வகைக் கோளாறும் உண்டு. சுருட்குழாயின்மீது வெண்பனி படர்ந்து காற்று வரும் வழி அடைபட்டுவிடும். பார்ப்பவர் இயந்திரம் அளவுக்கதிகமாகக் குளிர்கின்றது என மயங்குவர். உண்மையில், தூசி அடைத்த வடிகட்டியினால் காற்றோட்டம் குன்றி, குழாயில் வடியும் நீர் உறைந்துபோகின்றது. காஸ் குறைந்தாலும் இவ்வாறே நேரும். குளிர்விப்பதை நிறுத்தி, விசிறியை மட்டும் சில மணி நேரம் ஓடவிட்டுப் பனியை உருகவைத்து, வடிகட்டியை மாற்றிப் பார்க்கவேண்டும். மிளகாய்த்தூள் வறுக்கும், மீன் பொரிக்கும் எமது சமையலறைகளில் எண்ணெய்ப்புகை படிந்து வடிகட்டி விரைவில் அடைபடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோடையிலே மாதந்தோறும் பார்ப்பது நன்று. மீண்டும் பனி படர்ந்தால் காஸ் ஒழுக்கு. அது தொழில் தெரிந்தவரின் வேலை.

கரியரின் கதைக்கு மீள்வோம். 1906இலேயே வட கரொலைனாவின் பஞ்சாலையொன்றில் அவருடைய கருவிகள் நிறுவப்பட்டன. அங்கே தேவை குளிர்ச்சியன்று, ஈரம். வறண்ட காற்றில் நூல் அறும். கோயம்புத்தூர் ஆலைகளில் வேலை பார்த்த எவரும் இதனை அறிவர். 1907இல் யப்பானின் யொகொகாமாவிலுள்ள பட்டாலை ஒன்றுக்கும் கருவிகள் கப்பலேறின. ஆயினும் முதலாம் உலகப் போர் மூண்டதும் பஃபலோ ஃபோர்ஜ் கம்பனி இப்பிரிவைக் கைவிட முடிவுசெய்தது. கரியரும் நண்பர் ஏர்வின் லைலும் உட்பட ஏழு பொறியியலாளர் தம் சேமிப்பிலிருந்து 32,600 டொலர் திரட்டி, 1915 யூன் 26இல் தமது சொந்தக் கம்பனியைத் தொடங்கினர்.

அக்கம்பனி வேரூன்றிய இடம் நியூ ஜேர்சியின் நூவார்க் நகரம். 1922 மே மாதத்தில், அங்கிருந்த தொழிற்சாலையிலேயே கரியர் தமது மையநீக்கக் குளிர்ப்பொறியை விருந்தினருக்கு ஓட்டிக்காட்டினார். நச்சுத்தன்மை மிக்க அமோனியாவுக்குப் பதிலாக வேறொரு திரவத்தைப் பயன்படுத்திய அப்பொறி, பெருமளவிலே பொதுமக்கள் கூடும் இடங்களுக்கும் அஞ்சாமற் குளிரூட்டக் கதவைத் திறந்தது. நூவார்க் விமான நிலையத்தில் வந்திறங்கி அந்நகரைக் கடந்து செல்லும் எம்மவரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

முதலிற் பயன்பெற்றோர் ரெக்சாஸ் மக்களே. 1924இல் டலஸ் நகரின் பலஸ் திரையரங்கும் ஹூஸ்ரன் நகரின் ரெக்சன் திரையரங்கும் குளிரூட்டப்பட்டன. மறு ஆண்டு மே மாத இறுதியில் நியூயோர்க்கின் றிவோலி அரங்கு திறக்கப்பட்ட நாளில், பொறி தொடங்கத் தாமதமாயிற்று. மக்கள் கைவிசிறிகளோடு வந்து அமர்ந்தனர். கரியரும் தோழர்களும் பின்னே நின்று அவ்விசிறிகளையே பார்த்துக்கொண்டிருந்தனர். மெல்ல மெல்லக் குளிர் பரவ, ஒவ்வொரு விசிறியாக மடியிலே தாழ்ந்தது. 1928இல் சன் அன்ரோனியோவிலே 21 மாடிகளைக் கொண்ட மைலம் கட்டடம் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகமாகத் திறந்தது. வாஷிங்ரனில் மக்கள் பிரதிநிதிகளின் சபையும் அதே ஆண்டிற் குளிர்ந்தது.

1930களின் மந்தம் கம்பனியை வாட்டியது. வேறு இரு கம்பனிகளோடு இணைந்தும், 1937இல் சிரக்கியூஸ் நகருக்கு இடம்மாறியும் அது தப்பிப் பிழைத்தது. கரியரின் சொந்த வாழ்விலும் துயர் குறைவன்று. மனைவியர் இருவரை அடுத்தடுத்து இழந்து மூன்றாம் முறை மணம் புரிந்தார். பிள்ளைகள் பிறக்காமையால் இரு ஆண்பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 1950 ஒக்ரோபர் 7இல் காலமானார். அவ்வேளை அமெரிக்க வீடுகளிற் குளிரூட்டி இன்னும் அருமையான பொருளாகவே இருந்தது. யன்னற் பெட்டிகள் வீடுதோறும் ஏறியதை அவர் காணவில்லை.

வெப்பம் உயிர் குடிக்கும் என்பதை 1995 யூலையில் சிக்காகோ உலகுக்குக் காட்டிற்று. சில நாட்களில் 700க்கு மேற்பட்டோர் மாண்டனர், அவருட் பலர் தனித்திருந்த முதியோர். 2024 யூலையில் பெரில் சூறாவளி ஹூஸ்ரன் பகுதியில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரத்தைத் துண்டித்தபோதும் வெப்பத்தால் மரணங்கள் நேர்ந்தன. ஆகவே குளிரூட்டி நின்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருத்தலாகாது.

தெர்மோஸ்ரற்றின் பற்றறியையும் பிறேக்கரையும் முதலிற் பாருங்கள். பிறேக்கரை ஒருமுறை மட்டும் மீள ஏற்றலாம். மறுபடியும் விழுந்தால் விட்டுவிடவேண்டும். வெளியே நிற்கும் பெட்டியின் தகடுகளிற் புல்லும் பஞ்சும் அடைத்திருந்தால், மின்சாரத்தை முற்றாக நிறுத்தியபின் மெல்லிய நீரோட்டத்தாற் கழுவலாம். அப்பெட்டி உறுமியும் அதன் விசிறி சுழலாதிருந்தால், பெரும்பாலும் கபாசிற்றர் என்னும் சிறு பாகம் பழுதாகியிருக்கும். விலை மலிவுதான்; ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அது ஆளைத் தூக்கியெறியுமளவு மின்னைத் தேக்கி வைத்திருக்கும். ஊரிலே வானொலி திருத்திய துணிவோடு அதிற் கைவைக்க வேண்டாம். ரெக்சாஸ் வீடுகளிலே கூரைக்குக் கீழுள்ள பரணில் இயந்திரம் இருக்குமாயின், வடிகுழாயில் பாசி அடைத்து, தட்டிலே நீர் நிறைந்து, பாதுகாப்பு மிதவை இயந்திரத்தையே நிறுத்தியிருக்கவுங்கூடும்.

திருத்துபவரிடம் ஏமாறாதிருக்கவும் சிறிது அறிவு வேண்டும். காஸ் எரிபொருளன்று, அது குறைவதாயின் எங்கோ ஒழுகுகின்றது. ஒழுக்கைத் தேடாமல் ஆண்டுதோறும் நிரப்பிப் பணம் வாங்குபவரை நம்பவேண்டாம். 1994 நவம்பர் முதல், சான்றிதழ் பெற்றவர் மட்டுமே இதனைக் கையாளலாம் என்பது அமெரிக்கச் சட்டம். சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் வெட்கமில்லை. பழைய இயந்திரங்களிலுள்ள ஆர்-22 வாயுவின் உற்பத்தி 2020இல் இங்கு நிறுத்தப்பட்டமையால் அதன் விலை ஏறியே இருக்கும். பதினைந்து, இருபது ஆண்டு பழைய பெட்டியில் பெரிய ஒழுக்கு இருப்பதாகச் சொல்லப்பட்டால், புதிதின் விலையையும் விசாரித்தல் நலம்.

வாடகை வீடாயின் உரிமையாளருக்கு எழுத்திலே, திகதியோடு அறிவித்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். டலஸ் நகரச் சட்டம் வாடகை வீட்டுக்குக் குளிரூட்டும் கருவியைப் பொருத்திப் பேணும் கடமையை உரிமையாளர்மேற் சுமத்தியுள்ளது. ஊருக்கு ஊர் விதி வேறுபடுவதால் உங்கள் நகரசபையில் கேட்டறியவேண்டும். அகதி விண்ணப்பம் முடிவாகவில்லையே என்று அஞ்சி வெயிலிற் கிடப்பதால் எவருக்கும் நன்மையில்லை. திருத்துபவர் வரும்வரை முதியோரையும் கைக்குழந்தைகளையும் நூலகத்துக்கோ அயலவர் வீட்டுக்கோ அழைத்துச் செல்லுங்கள். நூலகம் செல்ல விசா எவரும் கேட்பதில்லை.