சுவிட்ச் போட்டதும் பாயும் கரண்ட்: அடக்கும் வழியை 1833-லேயே பார்த்துவிட்ட மைக்கேல் ஃபாரடே

லேப்டாப் அடாப்டரை பிளக்கில் செருகும்போது சில நேரம் பட்டுனு ஒரு சின்னத் தீப்பொறி வரும், கவனிச்சிருக்கீங்களா? அந்தக் கண நேரத்தில், வழக்கமாக எடுக்கும் மின்சாரத்தைப் போல பல மடங்கு மின்சாரம் உள்ளே பாய்கிறது. இதற்குப் பெயர் இன்ரஷ் கரண்ட். கட்டுப்படுத்தாமல் விட்டால் ஃபியூஸ் போகும், சுவிட்சின் முனைகள் கருகும், சர்க்யூட் போர்டில் உள்ள டையோடுகளும் பழுதாகலாம்.

இந்தப் பாய்ச்சலுக்குக் காரணமான கெபாசிட்டரின் அளவை ஃபாரட் என்ற அலகில் சொல்கிறோம். மைக்கேல் ஃபாரடேயின் நினைவாக வைத்த பெயர் அது. பாய்ச்சலைத் தடுக்கும் தெர்மிஸ்டர் எந்தப் பண்பால் வேலை செய்கிறதோ, அதைப் பதிவு செய்தவரும் அதே ஃபாரடேதான்.

யார் இந்த ஃபாரடே?

1791 செப்டம்பர் 22-ம் தேதி, இன்று லண்டனின் பகுதியாக இருக்கும் நியூயிங்டனில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனவர். வீட்டில் வறுமை. எழுதப் படிக்கத் தெரிந்த அளவோடு பள்ளிப் படிப்பு நின்றது. 14 வயதில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத்தான் படித்தார். மின்சாரம் அவருக்கு அறிமுகமானதே அப்படித்தான்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், அன்றைய பிரபல வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். எடுத்த குறிப்புகளைத் தானே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்சில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது.

அதே ஆண்டு டேவியுடன் ஐரோப்பா போனபோது, உதவியாளர் வேலையோடு எடுபிடி வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அந்த மனிதர்தான் 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்க முடியும் என்று காட்டினார். இன்றைய ஜெனரேட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதுதான் அடிப்படை.

1833-ல் என்ன நடந்தது?

உயர் கணிதம் ஃபாரடேவுக்குத் தெரியாது. ஆனால் பார்த்ததை அப்படியே எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. அவரது ஆய்வக நாட்குறிப்பில் எண் போட்டு எழுதிய பத்திகள் மட்டும் 16,000-ஐத் தாண்டும்.

உலோகத்தைச் சூடாக்கினால் அதில் மின்சாரம் ஓடுவது கொஞ்சம் சிரமமாகும். இது அன்றே தெரிந்த விஷயம். ஃபாரடே சில்வர் சல்ஃபைடை எடுத்து விளக்கில் சூடாக்கினார். வெள்ளிக் கொலுசு நாளாக ஆக கறுத்துப்போகுதே, அந்தக் கறுப்புதான் சில்வர் சல்ஃபைடு. நடந்தது நேர்மாறு. சூடு ஏற ஏற மின்சாரம் தாராளமாக ஓடியது. விளக்கை எடுத்ததும், ஆற ஆறக் குறைந்தது.

ஏன் இப்படி என்று அவரால் விளக்க முடியவில்லை. ஆனாலும் விதிக்குப் பொருந்தாத அந்த முடிவை ஒதுக்காமல் வெளியிட்டார். 1837-ல், இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே என்ன மின்கடத்தாப் பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்து அங்கே சேமிக்கும் மின்னூட்டம் மாறும் என்றும் காட்டினார். கெபாசிட்டரின் அடிப்படை இதுதான்.

சரி, இது போர்டை எப்படிக் காப்பாற்றுகிறது?

காலியான கெபாசிட்டர், சுவிட்ச் போட்ட கணத்தில் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரி. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் உச்சத்தில் சுமார் 325 வோல்ட்டைத் தொடும். அந்த நேரம் பார்த்து சுவிட்ச் போட்டால், வழியில் மொத்தத் தடை 1 ஓம் என்றால், கணக்குப்படி 325 ஆம்பியர்!

வழியில் 10 ஓம் தெர்மிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் அது சுமார் 30 ஆம்பியராகக் குறையும். மின்சாரம் ஓட ஓட தெர்மிஸ்டர் சூடாகும், தடை 1 ஓமுக்கும் கீழே போகும். அதனால் அதற்குப் பிறகு மின்சாரம் பெரிதாக வீணாகாது. பவர் சப்ளை போர்டில் கறுப்பிலோ பச்சையிலோ சின்ன வட்டு மாதிரி இருப்பது பெரும்பாலும் இதுதான்.

குறைந்த வோல்ட்டேஜ் போர்டுகளில் மாஸ்ஃபெட்டை மெதுவாகத் திறந்துவிடுவார்கள். 12 வோல்ட்டில் 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 1 மில்லி விநாடியில் நிரப்பினால் சராசரியாக 12 ஆம்பியர் ஓடும். அதையே 10 மில்லி விநாடிக்கு நீட்டினால் 1.2 ஆம்பியர்தான்.

தெர்மிஸ்டரில் ஒரு குறை உண்டு. அணைத்த உடனே திரும்பப் போட்டால் அது இன்னும் சூடாகவே இருக்கும், தடுக்காது. ஆனால் கெபாசிட்டர் அதற்குள் காலியாகியிருக்கலாம். அதனால் தெர்மிஸ்டர் உள்ள சாதனத்தை அணைத்தால், ஒரு நிமிஷமாவது விட்டுப் போடுறது நல்லது.

பிறகு என்ன ஆனது?

ராயல் சொசைட்டியின் தலைமைப் பொறுப்பு தேடி வந்தும் ஃபாரடே ஏற்கவில்லை. 1867 ஆகஸ்ட் 25-ம் தேதி இறந்தார். மாமனிதர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அல்ல, ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார். 1881-ல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு ஃபாரட் அலகை ஏற்றது.

குறைகடத்திகள் சூட்டில் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு, 1931-ல் ஆலன் வில்சன் குவாண்டம் கோட்பாட்டின் துணையோடு விளக்கம் தந்தார். அதற்குள் 98 ஆண்டுகள் ஓடியிருந்தன. காரணம் தெரியலையேன்னு 1833-ல் ஃபாரடே அந்தப் பத்திகளை எழுதாமல் விட்டிருந்தால், இந்தப் பண்பு வெளிச்சத்துக்கு வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!